அலாரம் சத்தத்தில் விழுந்தவர்: லாங் க்யூடி இரண்டாம் வகை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் பெண் உண்மையில் ஒரே ஒருவர் அல்ல. இதயத்தின் மின் செயல்பாட்டில் வரும் பரம்பரைக் கோளாறான லாங் க்யூடி சிண்ட்ரோம் உள்ள குடும்பங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கக் கிடைக்கும் விஷயங்களைக் கோத்து எழுதிய நிகழ்வு இது. மருத்துவ விவரங்களில் கற்பனை இல்லை.

வந்த நிலை

26 வயதுப் பெண். முதல் குழந்தை பிறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. அதிகாலையில் தலைமாட்டில் இருந்த கைபேசி உரக்க ஒலித்தது. எடுப்பதற்காகத் துள்ளி எழுந்தவர், கட்டிலை விட்டு இறங்குவதற்குள் சாய்ந்துவிட்டார். கணவர் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது முகம் வெளுத்துக் கண்கள் மேலே செருகியிருந்தன. கை கால் நாலைந்து முறை வெட்டி இழுத்தது. அரை நிமிடத்துக்குள் தானே கண் திறந்து, "ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அவசரப் பிரிவில் குடும்பத்தார் சொன்ன முதல் வாக்கியம்: "வலிப்பு இருக்குது டாக்டர், பதினாலு வயசுல இருந்து மாத்திரை சாப்பிடுறாங்க." பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தோடு விசாரணை முடிந்துவிடும். தூக்கம் கெட்டிருக்கும், மாத்திரை தவறியிருக்கும், அளவைக் கூட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர் விஷயத்தில் நல்ல காலம், நாடியைப் பார்த்த செவிலியர் அது சீராக இல்லை என்று மானிட்டரை மாட்டிவிட்டார். பக்கத்துப் படுக்கைக் கருவியின் எச்சரிக்கை மணி திடீரென்று அலறியபோது இவருக்கு மறுபடியும் நினைவு தப்பியது. இந்த முறை திரையில் எல்லாம் பதிவானது.

பதிவில் இருந்தது டோர்சாட் டி பாயிண்ட். இதயத்தின் கீழறைகள் மிக வேகமாக, ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஒரு வகைத் தாளக்கேடு. இசிஜி கோடு ஓர் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். 1966இல் டெசர்டென் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்துப் பெயரிட்டார். அது நீடிக்கும்வரை இதயம் துடிக்கிற மாதிரி இருக்குமே தவிர, ரத்தம் மூளைக்குப் போகாது. இவருக்குச் சுமார் 12 விநாடியில் தானாக நின்றது. தானாக நிற்காமல், கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனாக மாறினால் அது இதய நிறுத்தம்.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.1 மில்லிமோல், இயல்பை விடக் குறைவு. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்ததாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டதற்கு வலிப்பு மாத்திரையை மட்டும் காட்டினார்கள். கைப்பையில் இன்னொரு அட்டை இருந்தது: டோம்பெரிடோன். "அது மருந்து இல்லைங்க, பால் ஊறுறதுக்குக் குடுத்தது" என்றார் அம்மா. வாந்திக்கான இந்த மாத்திரையைத் தாய்ப்பால் பெருகவும் சிலர் எழுதிக்கொடுப்பது உண்டு. இதயத் தாளத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால் 2014இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதன் பயன்பாட்டைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் என்று சுருக்கியது.

முந்தைய வரலாறு

அடுத்த நாள் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு மயக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டார். "எத்தனை தடவை வந்தது?" என்பதை விட்டுவிட்டு, "விழறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். என் பார்வையில் இந்த நிகழ்வின் மிக முக்கியமான பரிசோதனை இதுதான். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இதற்குப் பிறகுதான்.

14 வயதில் முதல் முறை: தேர்வு நாள் காலை, அலாரம் கடிகாரம் அடித்ததும். 17இல்: நள்ளிரவில் வீட்டுத் தொலைபேசி. 21இல்: வேலையிடத்தில் தீ எச்சரிக்கைப் பயிற்சிக்குச் சங்கு ஊதியபோது. ஒன்றுகூட விளையாடும்போதோ ஓடும்போதோ வரவில்லை. நாக்கைக் கடித்ததில்லை. விழித்த பிறகு குழப்பமோ நெடுநேரத் தூக்கமோ இருந்ததில்லை. இந்த விவரங்கள் யாருக்கும் தெரியாமல் இருந்தவை அல்ல. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோப்பில் ஒவ்வொரு முறையும் "வலிப்பு, மீண்டும்" என்று இரண்டு சொல்லில் எழுதப்பட்டிருந்தது. மூளை அலைப் பதிவு ஒருமுறை எடுத்து இயல்பு என்று வந்திருந்தது. வலிப்பு வராத நேரத்தில் எடுக்கும் பதிவு வலிப்பு நோயாளிகளிலும் இயல்பாக வரலாம் என்பதால் அது எதையும் மாற்றவில்லை.

மூளைக்கு ரத்தம் சில விநாடிகள் நின்றாலே கை கால் வெட்டும். பார்ப்பவர்களுக்கு அது வலிப்புதான். வலிப்பு மாத்திரைக்குக் கட்டுப்படாத வலிப்பு, சத்தத்தாலோ திடுக்கிடலாலோ வரும் வலிப்பு, விழும்போது முகம் வெளுக்கும் வலிப்பு: இந்த மூன்றில் எது இருந்தாலும் ஒரு இசிஜி எடுத்து, அதைக் கையால் அளந்து பார்க்காமல் விடக் கூடாது. லாங் க்யூடி வகைகளிலேயே இந்த இரண்டாம் வகைக்காரர்கள்தான் வலிப்பு என்ற பெயரை அதிகம் சுமக்கிறார்கள்.

குடும்பத்தில் ஒரு மரணம் இருந்தது. அம்மாவின் தம்பி 19 வயதில், விடியற்காலையில் யாரோ கதவைத் தட்டிய சத்தத்துக்கு எழுந்தவர் அங்கேயே விழுந்து இறந்திருக்கிறார். பிரேதப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. இந்த நோயில் இதயத்தின் அமைப்பு முழுக்கச் சரியாகவே இருக்கும். கெட்டிருப்பது மின் செயல்பாடு. துடிப்பு நின்ற பிறகு அதைக் கத்தியால் கண்டுபிடிக்க வழியில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவன் போனதும் இதனாலதானா?" என்று மட்டும் கேட்டார். மரபணு முடிவு வரும்வரை அதற்கு உறுதியான பதில் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னது சரியான பதில்.

இசிஜி சொன்னது

இதயம் ஒருமுறை சுருங்கி, அடுத்த துடிப்புக்கு மின்சார ரீதியாகத் தயாராகும்வரை ஆகும் நேரம் க்யூடி இடைவெளி. துடிப்பு வேகத்துக்கு ஏற்ப இது நீளும், குறுகும். அதனால் வேகத்துக்குத் திருத்தி க்யூடிசி என்று சொல்கிறோம். 1920இல் பாஸெட் தந்த வாய்ப்பாடுதான் இன்றும் அதிகம் புழங்குகிறது: க்யூடியை, இரண்டு துடிப்புக்கு இடையிலான நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு 460 மில்லிவிநாடி, ஆண்களுக்கு 450 வரை பொதுவாக இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள். 500ஐத் தாண்டினால் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது.

வந்த அன்று இவருடைய க்யூடி 480, துடிப்பு 75. கணக்குப் போட்டால் க்யூடிசி சுமார் 537. ஆனால் அன்று டோம்பெரிடோனும் பொட்டாசியம் குறைவும் இருந்ததால் அதை வைத்துப் பரம்பரை நோய் என்று முடிவு கட்ட முடியாது. மருந்தை நிறுத்தி, பொட்டாசியத்தைச் சரிசெய்து சில நாள் கழித்து எடுத்ததில் க்யூடி 462, துடிப்பு 66, அதாவது 485. அதோடு, இசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் டி அலை, உடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்கும் பதிவுகளான லீடுகள் பலவற்றில் இரட்டை முகடாக இருந்தது. இரண்டாம் வகைக்கே உரிய வடிவம் அது.

இன்னொன்று. 14 வயதில் எடுத்த இசிஜி கோப்பில் பத்திரமாக இருந்தது. இயந்திரம் அதில் க்யூடிசி 438 என்று அச்சடித்து, "இயல்பு" என்றும் எழுதியிருந்தது. கையால் அளந்தபோது 478 வந்தது. இரட்டை முகட்டின் இரண்டாவது பாதியை இயந்திரம் கணக்கில் சேர்க்கவில்லை. இயந்திரம் அச்சடிப்பதை நம்புவதில் தவறில்லை, மயங்கி விழாத ஒருவருக்கு. மயங்கி விழுந்தவருக்கு அது போதாது.

ஏன் சத்தம்?

ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் இதயத் தசைச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற வேண்டும். அதற்கு முக்கியமாக இரண்டு வகை வாயில்கள் உண்டு. ஒன்று வேகமாகத் திறப்பது, மற்றது மெதுவாகத் திறப்பது. இரண்டாம் வகை லாங் க்யூடியில் வேகமான வாயிலை உருவாக்கும் கேசிஎன்எச்2 மரபணுவில் பிழை இருக்கிறது. இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 1995இல் கண்டறியப்பட்டது. ஓடும்போது துடிப்பு படிப்படியாக ஏறுவதால் மெதுவான வாயிலுக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கிறது. அமைதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடித்தால் அட்ரினலின் ஒரே பாய்ச்சலாக ஏறுகிறது, அந்த நேரம் கிடைப்பதில்லை. முதல் வகையில் பழுது மெதுவான வாயிலில். அதனால்தான் அவர்களுக்கு உடற்பயிற்சியும், குறிப்பாக நீச்சலும் ஆபத்து. மூன்றாம் வகையில் சோடிய வாயில் மூட மறுக்கிறது. பெரும்பாலும் ஓய்விலோ தூக்கத்திலோ வரும். ஆக, "விழறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்ற கேள்விக்கு வந்த பதிலே எந்த மரபணு என்று பாதி சொல்லிவிட்டது.

டோம்பெரிடோன் அடைப்பதும் இதே வேகமான வாயிலைத்தான். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் இதே வாயிலின் ஓட்டம்தான் குறைகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் இரண்டாம் வகைப் பெண்களுக்குத் தனியாகவே ஆபத்தான காலம். இத்தனையும் ஒரே வாரத்தில் சேர்ந்தன. பன்னிரண்டு ஆண்டு வலிப்பு மாத்திரையோடு ஒப்பேற்றியவர் அந்த விடியற்காலையில் ஏன் அப்படி விழுந்தார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

செய்த சிகிச்சை

உடனடியாக நரம்பு வழியே 2 கிராம் மெக்னீசியம் சல்பேட். பொட்டாசியத்தை 4.5க்கு மேல் ஏற்றினார்கள். டோம்பெரிடோன் நின்றது. பிறகு பீட்டா பிளாக்கர், அதாவது இதயத்தில் அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. இந்த நோய்க்கு எல்லா பீட்டா பிளாக்கரும் ஒன்றல்ல: நாடோலோலும் ப்ரொப்ரனோலோலும் நன்றாக வேலை செய்கின்றன, மெட்டோப்ரோலோல் அவ்வளவாக இல்லை. நாடோலோல் தாய்ப்பாலில் கூடுதலாகக் கலக்கும் என்பதால் முதலில் ப்ரொப்ரனோலோல் தந்து, பால்குடி மறந்த பிறகு நாடோலோலுக்கு மாற்றினார்கள். வலிப்பு மாத்திரைகளை நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். அப்புறம் வலிப்பு என்று எதுவும் வரவில்லை.

ஐசிடி வைக்கலாமா என்பதில் குடும்பத்துக்குள் பெரிய வாக்குவாதம். மார்பில் பொருத்தும் இந்தக் கருவி, கொல்லும் தாளக்கேட்டைக் கண்டதும் மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தும். கணவர் உடனே வைக்கச் சொன்னார். நோயாளி தயங்கினார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இதய நிறுத்தத்திலிருந்து மீண்டவர்களுக்கும், பீட்டா பிளாக்கர் எடுத்தும் மயங்குபவர்களுக்கும் ஐசிடி தேவை. இவருக்கு வந்தது தானாக நின்றது, அதுவும் மருந்து தொடங்காத நிலையில், சரிசெய்யக்கூடிய காரணங்களோடு. கருவி வைத்தால் தேவையில்லாத அதிர்ச்சிகள் வரலாம், கம்பி பழுதாகலாம், ஆயுள் முழுக்கப் பலமுறை மாற்ற வேண்டும். அதிலும் இந்த நோயில், அதிர்ச்சி தரும் பயமே அட்ரினலினைக் கூட்டி அடுத்த தாளக்கேட்டை அழைத்து வரலாம். மருந்தோடு தொடங்கி, ஒரு மயக்கம் வந்தாலும் ஐசிடி என்று முடிவானது. இடதுபக்கக் கழுத்து, மார்பு வழியே இதயத்துக்குப் போய் அதை வேகப்படுத்தும் பரிவு நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சையும் மாற்றாகப் பேசப்பட்டது. 1971இல் மாஸும் மெக்டொனால்டும் அறிவித்த பழைய முறை அது. மருந்து போதாதவர்களுக்கும் மருந்தே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இன்றும் செய்கிறார்கள்.

குடும்பம்

மரபணுப் பரிசோதனையில் கேசிஎன்எச்2இல் நோய் தரும் மாற்றம் உறுதியானது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று இத்தாலியில் பச்சிளம் குழந்தைகளிடம் எடுத்த பெரிய இசிஜி ஆய்வு 2009இல் சொன்னது. அரிய நோய் என்றாலும், ஒரு குடும்பத்துக்குள் நுழைந்துவிட்டால் அரிதாக இருக்காது.

குழந்தைக்கு அந்த மாற்றம் இல்லை. இந்த நோய்க்காக அவளுக்கு இனிக் கண்காணிப்பும் தேவையில்லை. நோயாளியின் அம்மாவுக்கு இருந்தது, 51 வயது, க்யூடிசி 448, வாழ்நாளில் ஒருமுறைகூட மயங்கியதில்லை. மரபணு இருந்தும் இசிஜி இயல்பாக இருப்பவர்கள் இந்த நோயில் கணிசமானவர்கள். இரண்டாம் வகைப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் மயக்க ஆபத்து கூடும் என்பதால் அவரும் பீட்டா பிளாக்கர் தொடங்கினார். இறந்துபோன தன் தம்பியைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கும் இப்போது ஓரளவு பதில் கிடைத்திருந்தது. தன்னால்தான் மகளுக்கு வந்தது என்ற எண்ணத்திலிருந்து அவர் மீள மாத்திரையை விட ஆலோசகரோடு பேசியது அதிகம் உதவியிருக்கிறது.

சிக்கல் வந்தது நோயாளியின் 22 வயதுத் தம்பியிடம். அவனுக்கும் இருந்தது, க்யூடிசி 480. கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடுபவன். இதுவரை மயங்கியதில்லை. மாத்திரை எடுத்தால் கால் கனக்கிறது, ஓட முடியவில்லை என்றான். வீட்டில் கேட்டால் "சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்" என்பான். ட்ரெட்மில் பரிசோதனையில் துடிப்பு 180ஐத் தாண்டிப் போனது. பீட்டா பிளாக்கரை முழு அளவில் எடுப்பவருக்கு அப்படி ஏறாது. மருத்துவர் திட்டவில்லை, துடிப்பு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆட்டம் இருக்கிற அன்னிக்கு மட்டும் விட்டுடுவேன் சார்" என்று ஒப்புக்கொண்டான். ஆபத்தான அன்று மட்டும் மருந்தை விடுவது என்பதுதான் இதன் பொருள்.

பழைய காலமாக இருந்தால் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். 2005இல் அமெரிக்க வழிகாட்டுதல் போட்டி விளையாட்டுகளைக் கடுமையாகத் தடுத்தது. 2015இல் வந்தது, சிகிச்சையில் இருந்து அறிகுறி இல்லாதவர்களுக்கு, முன்னேற்பாடுகளோடு அனுமதி யோசிக்கலாம் என்று தளர்ந்தது. இந்தத் தளர்வு சரி என்றே நினைக்கிறேன். தடை செய்யப்பட்ட இளைஞன் ஒளித்து ஆடுவான். அப்போது மைதானத்தில், நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்கும் ஏஇடி கருவியும் இருக்காது, அவனுக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. தம்பி நாடோலோலுக்கு மாறினான். நாளுக்கு ஒருவேளை, இரவில். அணியின் பயிற்சியாளரும் இரண்டு நண்பர்களும் மார்பு அழுத்தம் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். கால் கனம் இரண்டு மாதத்தில் பழகிவிட்டது என்கிறான். அது எவ்வளவு உண்மை என்பது அடுத்த ட்ரெட்மில்லில் தெரியும்.

அன்றாடம்

நோயைக் கண்டுபிடிப்பதை விட அதோடு குடித்தனம் நடத்துவதில்தான் வேலை அதிகம், அதில் பெரும்பகுதி மிகச் சாதாரணமானது. படுக்கையறையிலிருந்து கைபேசியும் அலாரம் கடிகாரமும் வெளியே போயின. மெதுவாக வெளிச்சம் கூட்டும் விளக்கு வந்தது. குழந்தையின் இரவு அழுகைக்கு முதலில் எழுவது கணவர் வேலையானது. அழைப்பு மணியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் காத்திருப்பதில்லை: உப்பு சர்க்கரைக் கரைசல் உடனே, அன்றைக்கே பொட்டாசியம் பரிசோதனை. காய்ச்சலையும் விட்டுவைப்பதில்லை, இரண்டாம் வகையில் சிலருக்குக் காய்ச்சலே க்யூடியை நீட்டும். எந்தப் புது மருந்தையும் க்யூடியை நீட்டும் மருந்துகளின் பட்டியலில் பார்க்காமல் விழுங்குவதில்லை. அஸித்ரோமைசின், லெவோஃப்ளாக்ஸசின், ஃப்ளுகோனசோல், ஓண்டான்செட்ரான், ஹாலோபெரிடால், சிடாலோப்ராம் என்று அதில் இருப்பவை எல்லாம் அன்றாடம் எழுதப்படுபவை. தொண்டை வலிக்கும் வாந்திக்கும் பல் வலிக்கும் போகிற இடத்தில்தான் இந்த நோய் பலியெடுக்கும் வாய்ப்பு உள்ளது, இதய மருத்துவமனையில் அல்ல. அதனால் ஒரு சிறு அட்டை எப்போதும் கையில்: நோயின் பெயர், மரபணு, எடுக்கும் மருந்து, தரக்கூடாத மருந்துகள். ஒருமுறை அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நெட்ல படிச்சதா?" என்று கேட்டதாகச் சொன்னார். அட்டையில் மருத்துவரின் கையொப்பமும் தொலைபேசி எண்ணும் இருந்தால் இந்தப் பேச்சு குறையும்.

பயம் மட்டும் பட்டியலுக்குள் அடங்கவில்லை. முதல் சில மாதங்கள் தூங்கவே அஞ்சினார். ஒவ்வொரு படபடப்பும் டோர்சாட் என்று நினைத்தார். பெரும்பாலும் அது சாதாரணப் படபடப்புதான். இந்த நோயின் நிஜத் தாக்குதல் எச்சரிக்கை இல்லாமல் நேராக மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சிறிய பதிவுக் கருவியைச் சில வாரங்கள் அணிந்து, படபடத்த நேரங்களில் எல்லாம் தாளம் சரியாக இருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கொஞ்சம் தெளிந்தார். வெளியே மாட்டும் அந்த எளிய கருவி செய்ததை எத்தனை ஆறுதல் வார்த்தையும் செய்திருக்காது.

இப்போது

இரண்டு ஆண்டாக மயக்கம் இல்லை. க்யூடிசி 470ஐ ஒட்டி நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை இசிஜி, ட்ரெட்மில், பொட்டாசியம்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்கிறார். மறுப்பதற்குக் காரணம் இல்லை. கர்ப்பம் முழுவதும் பீட்டா பிளாக்கர் நிற்காது. குழந்தையின் வளர்ச்சியை அதற்காகக் கூடுதலாக ஸ்கேனில் பார்ப்பார்கள். முதல் மாதங்களின் வாந்திக்கு வழக்கமாகத் தரும் ஓண்டான்செட்ரான் கூடாது, வேறு வழி பார்க்க வேண்டும், வாந்தி கூடினால் பொட்டாசியத்தைக் கவனிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு ஒன்பது மாதம் ஒரு வேளை மருந்தும் தவறக் கூடாது, இரண்டாம் வகைக்கு ஆபத்து மிகுந்த காலம் அதுதான். பால் போதவில்லை என்று யாராவது டோம்பெரிடோன் எழுதினால் வாங்கவே கூடாது. பிறக்கும் குழந்தைக்கு முதல் நாட்களிலேயே இசிஜி, தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் பரிசோதனை. இவ்வளவும் மகப்பேறு மருத்துவரின் கோப்பில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்.